பனி நிலத்தில் நீறு பூத்த நெருப்பு: தூந்திரா தீயை எப்படி ஆராய்கிறார்கள்?

2007 ஜூலை 16. அலாஸ்காவின் வடகோடியில், அனக்டுவுக் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மின்னல் இறங்கியது. மரமே இல்லாத வெட்டவெளி. பக்கத்தில் ஊர் கிடையாது, ரோடு கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் தீப்பிடித்தால் யாரும் ஓடிப்போய் அணைப்பதில்லை. விமானத்திலிருந்து அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இதுவும் வாரக்கணக்கில் சும்மா புகைந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் வந்தது. முறைப்படி பார்த்தால் பனி விழத் தொடங்கி நெருப்பின் கதை முடிய வேண்டிய மாதம். அந்த ஆண்டு முடியவில்லை. அந்தப் பகுதியில் அதுவரை பதிவான கோடைகளிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட கோடை அது. காற்று வேகமெடுத்ததும் புகைந்துகொண்டிருந்தது எழுந்து ஓடியது. அக்டோபர் தொடக்கத்தில் பனி வந்து மூடுவதற்குள் 1,039 சதுர கிலோமீட்டர் எரிந்திருந்தது. 32 கிலோமீட்டர் நீளம், 32 கிலோமீட்டர் அகலம் கொண்ட ஒரு சதுரத்தை மனதில் வரைந்துகொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். நார்த் ஸ்லோப் எனப்படும் அந்த வட சரிவில், அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் எரிந்ததாகப் பதிவான மொத்தப் பரப்பை இந்த ஒரே தீ இரட்டிப்பாக்கிவிட்டது.

தூந்திரா தீ பற்றிப் பேசுகிற யாரும் இந்த அனக்டுவுக் தீயைத் தொடாமல் போக முடியாது. காரணம், இடம் அப்படி அமைந்தது. எரிந்த பகுதியின் தெற்கு எல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் டூலிக் என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. அலாஸ்கா பல்கலைக்கழகம் 1975 முதல் நடத்திவரும் இடம். செடி எவ்வளவு வளர்கிறது, மண் எவ்வளவு ஆழம் உருகுகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருந்த ஆட்களின் வாசலுக்கே நெருப்பு வந்து நின்றது. எரியாத தூந்திரா எப்படி இருக்கும் என்ற கணக்கு அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. எரிந்ததை அளக்க அதுதான் முதல் தேவை.

அங்கே எரிய என்ன இருக்கிறது?

தூந்திரா என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் புவியியல் புத்தகத்தின் ஒரு வரைபடம்தான் நினைவுக்கு வரும்: வடதுருவத்தைச் சுற்றி ஒரு வளையம், ஒரு கலைமான், கொஞ்சம் பாசி. பனியும் பாசியும் இருக்கிற இடத்தில் தீ எப்படிப் பிடிக்கும்?

இதற்கு விடை தரைக்கு மேலே கொஞ்சம், தரைக்குக் கீழே நிறைய.

மேலே இருப்பவை பருத்திப்புல், முழங்கால் உயரம் வளரும் குட்டை பிர்ச், வில்லோ புதர்கள், பாசி, பூஞ்சையும் ஆல்காவும் ஒன்றாய்ச் சேர்ந்து வாழும் லைக்கன். இந்தப் பருத்திப்புல்லுக்கும் நம் பருத்திக்கும் உறவு இல்லை. பூத்து முடிந்ததும் பஞ்சுபோல வெள்ளைத் தலை வைக்கும் ஒரு கோரை வகை. குத்துக் குத்தாக வளரும். பழைய இலைகள் உதிராமல் குத்தோடு ஒட்டிக்கொண்டே காய்ந்து நிற்கும். தீக்கு இதைவிட நல்ல சுள்ளி வேண்டியதில்லை. பாசிக்கு வேர் கிடையாது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றாலும் அதை உறிஞ்சி மேலே கொண்டுவர வழி இல்லை. காற்று வறண்டால் சில நாளில் அதுவும் வறண்டுவிடும். ஆகவே, கால் வைத்தால் சதசதவென்று இருக்கும் நிலத்தின் மேல்தோல் மட்டும் பொரிந்துபோய்க் கிடக்க முடியும். இந்த முரண் பிடிபட்டுவிட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

கீழே இருப்பது மண் என்று சொல்கிறோமே தவிர, அது நாம் வயலில் பார்க்கும் மண் மாதிரி இருக்காது. குளிரிலும் ஈரத்திலும் எதுவும் முழுதாக மக்குவதில்லை. சென்ற ஆண்டுப் பாசியின் மேல் இந்த ஆண்டுப் பாசி, அதன்மேல் அடுத்த ஆண்டுப் புல் என்று நூற்றாண்டுக் கணக்கில் அடுக்காகச் சேர்ந்த பாதி மக்கிய குப்பை அது. கையில் எடுத்தால் பழைய தேங்காய் நார்போல இருக்கும். ஒரு சாணோ அதற்கு மேலோ தடிமன். அதற்கும் கீழே பெர்மாஃப்ராஸ்ட்: கோடையிலும் உருகாமல் கல்லாய் உறைந்து கிடக்கும் நிலம். உறைநிலம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோடையிலும் அதன் மேற்பகுதி கொஞ்சம் உருகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும்.

வட உலகின் உறைநிலப் பகுதிகளில் இப்படிச் சேர்ந்து கிடக்கும் கார்பன், இன்று காற்று மண்டலத்தில் இருக்கும் மொத்தக் கார்பனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மரமில்லாத ஒரு வெட்டவெளி எரிவதைப் பற்றி இத்தனை பேர் கவலைப்படுவது இதனால்தான்.

இனி நெருப்பின் குணம். காட்டுத் தீ என்றால் சுடர்விட்டு மரத்துக்கு மரம் தாவும் நெருப்பு கண்முன் வரும். தூந்திராவிலும் காற்றடிக்கும் நாளில் சுடர் ஓடும். புல்லையும் புதரையும் நக்கிவிட்டுப் போகும். உண்மையான வேலை அதற்குப் பிறகு நடப்பது. கொசுவர்த்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள். சுடரே இல்லை, ஆனால் விடிய விடிய நகர்ந்துகொண்டே இருக்கிறது, விடிந்ததும் சாம்பல்தான் மிச்சம். மண்ணுக்குள் நடக்கும் எரிவு அந்த வகை. கரிமூட்டத்தில் மண்ணைப் போட்டு மூடிக் காற்றைக் குறைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்குமே, அந்த மாதிரி. நீறு பூத்த நெருப்பு என்று நம் பேச்சில் சொல்வதை அப்படியே அகராதிப் பொருளில் எடுத்துக்கொள்ளலாம்.

அனக்டுவுக் தீ செப்டம்பரில் எரிந்ததால்தான் அவ்வளவு ஆழமாகப் போனது. ஜூனில் உறைநிலம் மேலேயே இருக்கும். உருகும் தண்ணீர் வடிய இடமில்லாமல் மண்ணை நனைத்துக்கொண்டிருக்கும். கோடை முடிவில் உருகல் அதன் அதிகபட்ச ஆழத்தைத் தொடும். தண்ணீர் இறங்கிவிடும். மழையும் பொய்த்துவிட்டால் நெருப்புக்கு அடியில் காய்ந்த விறகுக் கிடங்கு ஒன்று திறந்த மாதிரிதான்.

இல்லாமல் போனதை எப்படி அளப்பது?

இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு காடு எரிந்தால் அடிமரம் நிற்கும். அதன் பருமனை வைத்து முன்பு மரம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும், எவ்வளவு போய்விட்டது என்று கணக்குப் போடலாம். தூந்திராவில் போனது மண். எரிந்த பிறகு நீங்கள் நிற்கும் தரை, முன்பிருந்த தரை இல்லை. பழைய தரை உங்கள் கணுக்கால் உயரத்திலோ அதற்கும் மேலேயோ எங்கோ காற்றில் இருந்தது. முன்பு அளந்து குறித்த இடம் எரிந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் தீ நம் அளவுக் கம்பு நட்ட இடமாகப் பார்த்து எரியாதே.

இதற்கு மிஷேல் மேக் என்ற சூழலியலாளரும் அவருடைய குழுவினரும் பிடித்துக்கொண்டது பருத்திப்புல் குத்தை. குத்து லேசில் சாகாது. இலையெல்லாம் பொசுங்கினாலும் வளர்நுனி அடர்ந்த அடிப்பகுதிக்குள் பாதுகாப்பாக இருக்கும். தீக்குப் பின் முதலில் பச்சை காட்டுவதே அதுதான். குத்தைச் சுற்றியுள்ள மண் எரிந்து இறங்கிவிட, குத்து மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் தெரியும் கறையைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று சொல்வோமில்லையா? அதைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. முதலில் எரியாத இடத்துக்குப் போனார்கள்; குத்தின் உயரத்துக்கும் சுற்றியுள்ள மண்ணின் தடிமனுக்கும் என்ன உறவு என்று நிறைய குத்துகளில் அளந்தார்கள். பிறகு எரிந்த இடத்தில் அதே அளவுகளை எடுத்தார்கள். வித்தியாசம்தான் எரிந்துபோன மண்.

சராசரியாக ஆறு சென்டிமீட்டர். விரலை நீட்டிப் பார்த்தால் அதன் நீளம்கூட இல்லை. ஆனால் அந்த ஆறு சென்டிமீட்டரையும் மேலே எரிந்த செடிகளையும் சேர்த்தால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் இரண்டு கிலோ கார்பன் காற்றுக்குப் போயிருக்கிறது. மொத்தம் 21 லட்சம் டன். இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில், உலகின் ஆர்க்டிக் தூந்திரா முழுவதும் சேர்ந்து ஓர் ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு கார்பனை உள்ளே இழுத்துவைத்ததோ, கிட்டத்தட்ட அதே அளவு. 2011-இல் நேச்சர் இதழில் இந்தக் கணக்கு வந்தது. ஒரே தீ, ஒரே பருவம்.

அடுத்த கேள்வி இன்னும் சுவாரசியமானது. எரிந்தது எந்தக் காலத்துக் கார்பன்? நேற்று சேர்ந்ததா, ஆயிரம் ஆண்டுக்கு முன் சேர்ந்ததா?

இதற்கு உதவியது அணுகுண்டு. 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோது, காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்காக எகிறியது. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த ஒவ்வொரு செடியிலும் அந்த முத்திரை விழுந்திருக்கிறது. தூந்திரா பாசியிலும்தான். எரிந்த பிறகு மிஞ்சியிருக்கும் மண்ணின் மேற்பரப்பை எடுத்துச் சோதித்தால், அந்த முத்திரையைக் கொண்டு அதன் வயதைச் சொல்லிவிடலாம். செய்து பார்த்தார்கள். தீ இறங்கிய ஆழத்தில் இருந்த கார்பனுக்கு அதிகபட்சம் ஐம்பது வயது.

அதாவது நெருப்பு தின்றது இந்தத் தலைமுறை சேர்த்துவைத்ததை. பாட்டன் பூட்டன் சொத்து அடியில் அப்படியே இருந்தது. இந்த இடத்தில் 'சரி, தப்பித்தோம்' என்று தோன்றலாம். ஒரே ஒரு தீ என்றால் அப்படிச் சொல்லலாம். ஐம்பது ஆண்டு சேர்த்ததை மீண்டும் சேர்க்க ஏறக்குறைய அவ்வளவு காலம் தேவை. அதற்குள் மறுபடி எரிந்தால் நெருப்பு முன்பைவிடப் பழைய அடுக்கில் கை வைக்கும். ஆகவே, ஒரு தீயின் ஆழத்தைப் போலவே இரண்டு தீக்களுக்கு இடைப்பட்ட காலமும் முக்கியமாகிவிடுகிறது. அதற்கு ஏரிக்குப் போக வேண்டும்; அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். முதலில், தீ அணைந்த பிறகும் நிலம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

அணைந்த பிறகு

தூந்திரா ஆய்வாளர் கையில் எப்போதும் இருக்கும் கருவி ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. அளவு குறித்திருக்கும். மண்ணுக்குள் அழுத்தினால் மெத்தென்று இறங்கும். உறைநிலத்தில் பட்டதும் 'டக்' என்று நிற்கும். எவ்வளவு இறங்கியதோ அதுதான் அன்றைய உருகல் ஆழம். இதைவிட எளிய அறிவியல் கருவியை நான் கேள்விப்பட்டதில்லை. ஒரே கஷ்டம், இப்படி நூற்றுக்கணக்கான இடங்களில் குத்த வேண்டும். தூந்திராவில் நடப்பது சாதாரண நடையும் இல்லை: நனைந்த மெத்தைமேல் தேங்காய்களைப் பரப்பி அதன்மேல் நடக்கச் சொன்ன மாதிரி, ஒவ்வொரு குத்தும் காலை வாரும். கூடவே கொசு. துருவக் கொசுவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

எரிந்த இடத்தில் கம்பி ஆழமாக இறங்கியது. பாசியும் மக்கிய மண்ணும் உறைநிலத்துக்குப் போர்த்திய கம்பளி. கோடை வெயிலைக் கீழே விடாமல் தடுப்பது அதன் வேலை. தீ அந்தக் கம்பளியைக் கிழித்துவிட்டது. போதாக்குறைக்கு நிலம் கருத்துப்போய் முன்பைவிட அதிக வெயிலை உறிஞ்சியது. இந்த வெப்பக் கணக்கையும் கார்பன் கணக்கையும் பார்க்க, மிகக் கடுமையாக எரிந்த இடம், ஓரளவு எரிந்த இடம், எரியாத இடம் மூன்றிலும் கோபுரங்கள் நிறுத்தினார்கள். காற்று மேலும் கீழும் அசைவதை நொடிக்குப் பல முறை அளந்து, அதனோடு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு போகிறது, வருகிறது என்று பதிவுசெய்யும் கருவிகள் அவற்றில் இருந்தன. 2008 கோடையில் எரிந்த நிலம் கார்பனை இன்னும் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. நெருப்பு இல்லை, புகை இல்லை. நிலம் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பிறகு பச்சை திரும்பியது, எதிர்பார்த்ததைவிட வேகமாக. சில ஆண்டுகளில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அங்கே தீ வந்ததே தெரியாது. ஆனால் நிலம் அமுங்கிக்கொண்டிருந்தது.

உறைநிலத்துக்குள் சில இடங்களில் சுத்தமான பனிக்கட்டி ஆப்பு ஆப்பாக இறங்கியிருக்கும். குளிரில் நிலம் வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கி உறையும், அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். இப்படிப் பல நூற்றாண்டு நடந்து உருவானவை. கம்பளி போனதும் இவை உருகின. பனி இருந்த இடம் பள்ளமானது. பெஞ்சமின் ஜோன்ஸ் என்பவரின் குழு 2009-இலும் 2014-இலும் விமானத்திலிருந்து லேசர் கதிரை வீசி நிலத்தின் உயரத்தை அளந்தது. எரிந்த மேட்டு நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இடம் அமுங்கியிருந்தது. பக்கத்தில் எரியாத நிலத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. நெருப்பு சில வாரம் எரிந்தது. நிலம் ஏழு ஆண்டு கழித்தும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஏரிச் சேற்றில் ஐயாயிரம் ஆண்டு

'இப்படி ஒரு தீ இதற்கு முன் வந்ததுண்டா?' என்று கேட்டால் அலாஸ்காவின் பதிவேடுகள் ஒரு எழுபது, எண்பது ஆண்டுக்கு மேல் துணை வராது. செயற்கைக்கோள் படங்கள் 1970-களிலிருந்துதான். அதற்கு முந்தைய கதை ஏரியின் அடியில் இருக்கிறது.

தீ எரியும்போது பறக்கும் கரித்துகள் ஏரியில் விழுந்து சேற்றோடு படியும். ஆண்டுதோறும் மெல்லிய வண்டல் அதன்மேல் ஏறும். நீண்ட குழாயை ஏரியின் அடியில் இறக்கிச் சேற்றை அப்படியே தண்டாக உருவி எடுத்தால், மேலிருந்து கீழே போகப் போகக் காலத்தில் பின்னோக்கிப் போகலாம். தண்டைச் சிறு சிறு வில்லைகளாக வெட்டி, சல்லடையில் அலசி, தங்கும் கரித்துகள்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது. திடீரென்று கரி கூடும் வில்லை, ஒரு தீ வந்த காலம். மேல் அடுக்குகளின் வயதை ஈயத்தின் கதிரியக்க வகை ஒன்றைக் கொண்டும், ஆழத்தில் இருப்பவற்றின் வயதைக் கதிரியக்கக் கார்பனைக் கொண்டும் கணக்கிடுவார்கள்.

ஃபெங் ஷெங் ஹூவின் குழு அனக்டுவுக் தீ எரித்த பகுதியில் இரண்டு ஏரிகளில் இப்படித் தோண்டியது. ஐயாயிரம் ஆண்டுச் சேற்றில் 2007-இல் நடந்ததைப் போன்ற இன்னொரு தீயின் தடயம் கிடைக்கவில்லை. அதே குழு இன்னொன்றையும் கவனித்தது: அலாஸ்கா தூந்திராவில் அதிகம் எரிந்த ஆண்டுகளும் வடக்குக் கடலில் பனி குறைந்த ஆண்டுகளும் ஒத்துப்போகின்றன. 2007 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனி அதுவரை இல்லாத அளவுக்குச் சுருங்கியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஐயாயிரம் ஆண்டில் முதல் தீ' என்ற வரி தலைப்புச் செய்திக்கு வசதியானது; ஆனால் அந்த இரண்டு ஏரிகளின் சுற்றுவட்டாரத்துக்குத்தான் அது பொருந்தும். அதே நார்த் ஸ்லோப்பில் வேறு இடங்களில், யாரும் பதிவு செய்யாமல் விட்ட, நூறாண்டுக்கு முன் எரிந்த பெரிய பரப்புகளின் வடுக்களைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். மேற்கே நோடாக் பள்ளத்தாக்கின் ஏரிகளோ ஒன்று முதல் மூன்று நூற்றாண்டுக்கு ஒரு முறை தீ வருவது அங்கே வழக்கம்தான் என்கின்றன. இன்னும் பின்னே போனால், 14,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன், புரூக்ஸ் மலைத்தொடரின் தெற்கில் உயரமான பிர்ச் புதர்கள் அடர்ந்த ஒரு தூந்திரா இருந்தது. அது இன்றைய வடகாடுகள் அளவுக்கு அடிக்கடி எரிந்திருக்கிறது. தூந்திரா ஒன்றே ஒன்று கிடையாது. புல் தூந்திரா வேறு, புதர் தூந்திரா வேறு. வெப்பம் கூடக் கூட இன்றைய தூந்திராவில் புதர்கள் உயர்ந்தும் பரவியும் வருகின்றன என்பதால், அந்தப் பழைய ஏரிச் சேறு வெறும் வரலாறாக மட்டும் இல்லை.

மேலே இருந்து பார்த்தால்

செயற்கைக்கோள் இல்லாமல் இந்த ஆராய்ச்சியின் பாதி நடக்காது. இரண்டு வேலை. ஒன்று, இப்போது எரிவதைப் பிடிப்பது. சூடான பொருள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கும். இரண்டு, எரிந்து முடிந்த பரப்பை வரைவது. பச்சை இலை ஒரு வகை அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். பொசுங்கிய நிலம் இன்னொரு வகையைக் கூடுதலாக அனுப்பும். தீக்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம், இரண்டிலும் இந்த இரண்டு கதிர்களின் விகிதத்தைப் பார்த்துக் கழித்தால் எங்கே எவ்வளவு எரிந்தது என்று தெரியும். காட்டுத் தீக்கு உருவான முறை இது. காட்டில் நன்றாகவே வேலை செய்கிறது.

தூந்திராவில் இது கொஞ்சம் ஏமாற்றும். மேகம் விலகும் நாள் குறைவு. சூரியன் தாழ்ந்தே இருப்பதால் நிழல் நீளம். கோடை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அடுத்த ஆண்டே பச்சை வந்துவிட்டால் வடு மங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோள் பார்ப்பது மேல்தோலை. இரண்டு இடமும் ஒரே மாதிரி கருப்பாகத் தெரியலாம். ஒன்றில் பாசி மட்டும் கருகியிருக்கும், இன்னொன்றில் பத்து சென்டிமீட்டர் மண் போயிருக்கும்.

ஆனால் எரிந்த பரப்பைச் சொல்வதில் செயற்கைக்கோளை மிஞ்ச ஆளில்லை. 2020 ஜூன் 20 அன்று சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, சென்னையின் கோடை வெயில். சைபீரியாவின் ஆர்க்டிக் பகுதியில் 1982 முதல் 2020 வரை எரிந்த மொத்தப் பரப்பில் கிட்டத்தட்டப் பாதி, 2019, 2020 என்ற இரண்டே ஆண்டுகளில் எரிந்தது என்று கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி பனிப்பாளமான கிரீன்லாந்தில்கூட 2017 ஆகஸ்ட்டில் சிசிமியூட் நகருக்குக் கிழக்கே மண் புகைந்ததைக் கோள்கள் பிடித்தன.

கோள் படங்களால் பிடிபட்ட இன்னொரு சங்கதி, குளிர்காலத்தைத் தாண்டும் நெருப்பு. ஊடகங்கள் 'ஜாம்பி தீ' என்று பெயர் வைத்துவிட்டன. இலையுதிர் காலத்தில் பனி மூடும். எல்லோரும் அணைந்தது என்று நினைப்பார்கள். மண்ணுக்குள் எட்டு மாதம் கனன்று, வசந்தத்தில் பனி உருகியதும் பழைய வடுவின் ஓரத்திலேயே மறுபடி எழும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மின்னல் பருவம் தொடங்குவதற்கு முன்பே, மனிதர் போகாத இடத்தில், சென்ற ஆண்டு எரிந்ததன் எல்லையை ஒட்டித் தீ தோன்றினால் சந்தேகப்படலாம். ஆம்ஸ்டர்டாமில் ரெபெக்கா ஸ்கோல்டனும் உடன் ஆய்ந்தவர்களும் இந்த வழியில் அலாஸ்கா, வடமேற்குக் கனடாவின் காடுகளை ஆராய்ந்து 2021-இல் எழுதினார்கள். 2002 முதல் 2018 வரை எரிந்த பரப்பில் இத்தகைய தீயின் பங்கு 0.8 சதவீதம். பெயர் மிரட்டும் அளவுக்குப் பங்கு பெரிதில்லை. ஆனால் மிக வெப்பமான கோடைகளுக்குப் பின்னால்தான் இவை அதிகம் வருகின்றன என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

அங்கே இருப்பவர்கள்

தூந்திரா ஆளில்லாத இடம் என்ற நினைப்பு தப்பு. 2022 மே 31 அன்று தென்மேற்கு அலாஸ்காவில் யூகான் ஆற்றுப் பக்கம் ஒரு மின்னல் மூட்டிய தீ, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றுகொண்டு யூப்பிக் மக்கள் வாழும் செயின்ட் மேரிஸ் என்ற ஊரை நோக்கி வந்தது. முதியவர்களையும் மூச்சுக் கோளாறு உள்ளவர்களையும் விமானத்தில் வெளியேற்ற வேண்டியிருந்தது. ரோடு வழியே போகலாமே என்றால், அந்த ஊரை வெளியுலகோடு இணைக்கும் ரோடு கிடையாது.

அனக்டுவுக் பாஸ் என்ற ஊரின் நூனமியூட் மக்கள் கரிபூ மான்களை நம்பி வாழ்பவர்கள். கரிபூவின் குளிர்காலச் சோறு லைக்கன். தீக்குப் பின் முதலில் பச்சை காட்டுவது பருத்திப்புல் என்று மேலே சொன்னேன், லைக்கன் அப்படியில்லை. எரிந்த இடத்தில் மான் மேயும் அளவுக்கு அது மறுபடி படர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். கோள் படத்தில் பச்சையாகத் தெரியும் இடம் மானுக்கு வெறும் தட்டாக இருக்கலாம். 'நிலம் மீண்டுவிட்டது' என்று யாராவது சொன்னால், யாருக்கு மீண்டது என்று திருப்பிக் கேட்பது நல்லது.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே கொஞ்சம் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால், நாசாவின் ஃபர்ம்ஸ் என்ற தீ வரைபடம் இணையத்தில் இலவசம். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ திறந்து, அலாஸ்காவின் மேற்கு ஓரத்தில் சீவர்ட் தீபகற்பத்தையும், சைபீரியாவில் யாகூத்தியாவின் வடக்கையும் பெரிதாக்கிப் பாருங்கள். எரியும் ஆண்டாக இருந்தால் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளியைத் தேர்ந்து நாள்வாரியாகத் தொடர்ந்தால், அது சில நாள் மறைந்து அதே இடத்தில் திரும்ப முளைப்பதைக்கூடப் பார்க்க நேரலாம். மறைந்த நாட்களில் மேகம் மறைத்ததா, நெருப்பு மண்ணுக்குள் இறங்கியதா என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. யாராவது பருத்திப்புல் குத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கையில் அளவுகோலோடு பார்த்தால்தான் உண்டு.